அந்தக் கார்டைப் பார்த்துக்கொள்வது யார்?

கூரியரில் வந்த பெட்டியை இன்று காலை பிரித்தேன். உள்ளே வெள்ளி நிறப் பை. அதன் வாயைக் கிழித்ததும் அந்த வாசனை எழுந்தது. புது சர்க்கியூட் பலகைக்கே உரிய, லேசாகப் புளித்த, குளிர்ந்த வாசனை. கார்டை வெளியே எடுப்பதற்கு முன்னால் நீ பைக்குள் மூக்கை நுழைத்து ஒரு தடவை ஆழமாக இழுப்பாய். "மல்லிகைப் பூவா அது?" என்று நான் கேலி செய்தால், "கிலாங்குல இத மோந்துதானே லா சோறு தின்னோம்" என்பாய். மலாயில் கிலாங் என்றால் தொழிற்சாலை, நாம் சொன்னது கூலிமில் வேலை பார்த்ததை. நீ அங்கே பலகைகளைச் சோதிக்கும் பிரிவில் இருந்தாய், நான் பெட்டி கட்டி அனுப்பும் பிரிவில். கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் தொடங்கிய பழக்கம் நம்முடையது.

கொஞ்ச நேரம் கார்டைத் தொடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சுங்கைப் பட்டாணியில் நாம் கம்ப்யூட்டர்களைப் பராமரித்து வந்த ஸ்கேன் நிலையம் புது எந்திரம் வாங்கியிருக்கிறது. படங்கள் முன்னைவிடப் பெரியவை. சர்வரிலிருந்து டாக்டரின் திரைக்கு அவை போகும் பாதையை அகலப்படுத்த வேண்டும். நீ இல்லாமல் நான் தேர்ந்தெடுத்திருக்கும் முதல் நெட்வொர்க் கார்டு இது. உன்னிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது, எழுதுகிறேன்.

கிலாங் வேலையை விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையின் மாடியில் நாம் கடைக்கென்று அறை எடுத்தபோது எனக்குக் கம்ப்யூட்டர் பற்றி ஒன்றும் தெரியாது. எந்திரங்கள் உன் பொறுப்பு. வாடிக்கையாளர், கேபிள் இழுப்பது, பில் எல்லாம் என் பொறுப்பு. நமக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அந்த ஸ்கேன் நிலையம்தான். சர்வரை இயக்க, யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய லினக்ஸ் மென்பொருளைப் போடுவது என்று நீ முதலிலேயே முடிவு செய்துவிட்டாய். கார்டு மட்டும் பாக்கி. பளபளவென்று படம் போட்ட ஒன்றை நான் காட்டினேன்.

"இதுதான் வேகம் கூட. பெட்டியிலயே போட்டிருக்கான் பாரு."

"பெட்டியில யாரு வேணும்னாலும் போடலாம். இதோட டிரைவர யாரு பாத்துக்குறாங்க?"

"டிரைவரா? கார்டுக்கு எதுக்கு டிரைவர்?"

நீ சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கம் போட்டாய். "கார்டு தனியா கெடந்தா வெறும் தகரம். அதுவும் லினக்ஸும் பேசிக்கணும்னா நடுவுல ஒரு சின்ன புரோகிராம் வேணும். அதான் டிரைவர். லினக்ஸுல அத யாரு எழுதுனா, யாரு திருத்துனா, எல்லாம் தொறந்து கெடக்கும். வா, காட்றேன்."

அன்று மதியம் முழுவதும் நீ எனக்குக் காட்டியதை நான் எப்படிச் சொல்ல? நான் காட்டிய கார்டின் டிரைவரை அந்தக் கம்பெனி எப்போதோ கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருந்தது. அதன் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. அதைப் பற்றிக் கேட்டவர்களின் மின்னஞ்சல்கள் பதில் இல்லாமல் தொங்கின. நீ சொன்ன கார்டு பழையது, வேகமும் கொஞ்சம் குறைவு. ஆனால் அதைச் சுற்றி ஒரு ஊரே இருந்தது. யாரோ ஒருவர் ஒரு வரியைத் திருத்துகிறார். இன்னொருவர் அது தப்பு என்கிறார். மூன்றாமவர் ராத்திரி உட்கார்ந்து சோதித்துப் பார்த்து, முதல் ஆள் சொன்னதுதான் சரி என்கிறார். இரண்டாமவர் நன்றி சொல்லி ஒதுங்குகிறார். ஒருவருக்கொருவர் முகம்கூடத் தெரியாது.

"நாம வாங்குறது கார்டு இல்லடி," என்றாய். "இந்த ஆளுங்கள."

அந்தப் பழைய கார்டையே போட்டோம். முதல் படம் திரையில் விரிந்தபோது ஸ்கேன் எடுக்கும் நோரா கை தட்டினாள். சில வாரங்கள் எல்லாம் நன்றாகவே ஓடியது. பிறகு வேலை கூடக் கூட, படங்கள் பாதி வழியில் நிற்க ஆரம்பித்தன. கொஞ்ச நேரம் நின்று, பிறகு தானாகவே கிளம்பும். "சங்குட் லாகி!" என்று நோரா போன் செய்வாள். மறுபடியும் சிக்கிக்கொண்டது என்பதை அவள் மலாயில் அப்படித்தான் அலறுவாள்.

ஒரு நாள் நாம் அங்கே இருக்கும்போதே நின்றது. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த ஒருவரின் தலை ஸ்கேன் அது. டாக்டர் பாதிப் படத்தைப் பார்த்தபடி விரல்களை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். வெளியே நடைவழியில் அந்த மனிதரின் மனைவி அவருடைய ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படம் வந்துவிட்டது. அவருக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் படம் நின்றிருந்த அந்தக் கொஞ்ச நேரம் நீ திரையைப் பார்க்கவில்லை, கண்ணாடிக் கதவு வழியாக அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதன் பிறகு நம் கடை மேசையில் இரண்டு கம்ப்யூட்டர்கள், இரண்டிலும் அதே கார்டு, நடுவே ஒரு கேபிள். நாள் முழுக்க ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் படங்களைக் கொட்டிக்கொண்டே இருந்தாய். கடைசியில் பிடித்துவிட்டாய். பெரிய தரவைச் சிறு துண்டுகளாக நறுக்கும் வேலையை அந்தக் கார்டு தானே செய்யும். அந்த வசதியை அணைத்துவிட்டால் நிற்பதே இல்லை. வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். டாக்டருக்குத் திருப்தி. எனக்கும் நிம்மதி.

"முடிஞ்சிச்சு இல்ல? அடுத்த வேலையப் பாப்போம்" என்றேன்.

"நமக்கு முடிஞ்சிச்சு. இதே கார்ட வேற ஏதாச்சும் ஆஸ்பத்திரியில போட்டிருந்தா? அங்கயும் ஒருத்தி வெளிய ஹெல்மெட்டோட ஒக்காந்திருப்பா இல்ல?"

அந்த டிரைவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு நீ மின்னஞ்சல் எழுதினாய். ஆங்கிலம் சரியா என்று என்னைப் படிக்கச் சொன்னாய், எனக்கு என்ன தெரியும்! அனுப்பும் முன், "சிரிக்க மாட்டாங்களே?" என்று கேட்டாய். உன்னை அப்படிப் பயந்து நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை ரொட்டி சானாய் கடையில் பசியாறிக்கொண்டிருந்தோம். உன் போன் அதிர்ந்தது. படித்தாய். கையில் பிய்த்த ரொட்டி அப்படியே நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். பனி பொழியும் ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒரு மனிதர். இப்படி ஒரு கோளாறு இருக்கும் என்று அவருக்கு ரொம்ப நாளாகச் சந்தேகமாம். ஆனால் யாராலும் அதைத் திரும்ப வரவழைத்துக் காட்ட முடியவில்லையாம். நீங்கள்தான் காட்டியிருக்கிறீர்கள், எனக்காக இன்னொரு சோதனை செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார். கீழே தன் முதல் பெயரை மட்டும் எழுதியிருந்தார்.

அதன் பிறகு வாரக்கணக்கில் அது நடந்தது. அவர் தன் ஊரின் மாலை நேரத்தில் ஏதாவது எழுதி அனுப்புவார். நீ நம் காலையில் அதை ஓட்டிப் பார்த்து, என்ன நடந்தது என்று பதில் போடுவாய். நீ என்ன படித்தாய், எந்தக் கம்பெனி, ஆணா பெண்ணா, எதையும் அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கோளாறு எங்கே என்பது மட்டும்தான் இரண்டு பேருக்கும் பேச்சு. கடைசியில் பார்த்தால், நறுக்கிய துண்டுகளை எண்ணும் இடத்தில் டிரைவர் ஒன்று குறைவாக எண்ணியிருந்தது. ஒரே வரியைத் திருத்தினார்கள். நீ சிரித்தாய், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாய்.

அந்தத் திருத்தத்தின் கீழே, சோதித்துப் பார்த்தவர் என்று உன் பெயரைப் போடுவதாக அவர் சொன்னார். உன் பெயரை மின்னஞ்சலில் இருந்தபடியே எடுத்திருந்தார். உன் பெயர், அ/பெ, பிறகு உன் அப்பாவின் பெயர். நடுவில் இருப்பது என்ன, எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். இன்னாருடைய மகள் என்று அர்த்தம், இருக்கட்டும் என்று எழுதினாய்.

கூலிமில் உன் வீட்டுக்குப் போய் அப்பாவுக்குக் காட்டினோம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி உன்னைப் படிக்க வைத்த மனிதர். திரையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எங்கலாம் போவும்?"

"அந்தக் கார்டு லினக்ஸுல ஓடுற எடமெல்லாம் போவும்பா."

"அங்க உள்ளவங்க எம் பேரப் படிப்பாங்களா?"

"ரொம்பப் பேரு படிக்க மாட்டாங்க. ஆனா இருக்கும்."

அவர் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு வந்து மறுபடியும் பார்த்தார். நம் கடை மேசையிலிருந்து கிளம்பிய ஒரு வரி, நாம் போகவே முடியாத ஊர்களில், யாரோ ஒருத்தியின் காத்திருப்பைக் கொஞ்சம் குறைக்கிறது. அவளுக்கு அது ஒரு நாளும் தெரியப்போவதில்லை.

பிறகு உனக்கே ஸ்கேன் எடுக்க வேண்டி வந்தது. நோரா உன்னைப் படுக்க வைத்துவிட்டு, என்னைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். டாக்டர் நம்மை உள்ளே கூப்பிட்டு, திரைக்கு முன்னால் பக்கத்தில் உட்கார வைத்தார். உன் உடம்பின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்தன. நான் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. நீயோ திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பாத்தியாடி," என்று என் கையை அழுத்தினாய். "ஒரு எடத்துலயும் நிக்கல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நீங்க போட்டதுதானே" என்றார். தன் நோவைக் காட்டும் படத்தைப் பார்த்துக்கொண்டு, அது வந்த பாதையைக் கண்டு பூரிக்கிற ஒரு மனம் எப்படி உண்டாகிறது என்று நான் இன்னும் வியந்துகொண்டிருக்கிறேன். அது தைரியம் இல்லை. வேடிக்கையும் இல்லை. உனக்கு உண்மையிலேயே அது அழகாக இருந்தது.

அந்த வருட மழை முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

கடையை மூடிவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்போதுதான் உன் பெயருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவராம். அதே கார்டு, வேறு ஒரு கோளாறு. டிரைவரின் திருத்த வரலாற்றில் உன் பெயரைப் பார்த்து எழுதியிருந்தார். இரண்டு நாள் திறந்து திறந்து மூடினேன். பிறகு மேசையைத் துடைத்து, இரண்டு கம்ப்யூட்டர்களையும் எதிரெதிரே வைத்து, கேபிளைச் செருகினேன். நீ செய்ததை எத்தனை நாள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்! கை தானாகப் போனது. என்ன நடந்ததோ அதை அப்படியே எழுதி அனுப்பினேன்.

அப்படியே அந்த வேலையில் ஒட்டிக்கொண்டேன். டிரைவரின் வரலாற்றைத் தனியாகப் படிக்கும் அளவுக்கு இப்போது தேறியிருக்கிறேன். இன்று வந்த கார்டையும் அப்படித்தான் எடுத்தேன். அதைப் பார்த்துக்கொள்கிறவர்களின் சண்டைகளையும் நன்றிகளையும் ஒரு வாரம் படித்த பிறகு.

உன் மின்னஞ்சல் முகவரிக்கு இன்னும் கடிதங்கள் வருகின்றன. எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் எழுதுகிறேன். முதல் வரியில், அவள் இப்போது இல்லை என்று சொல்லிவிடுகிறேன். அடுத்த வரியில், உங்களுக்கு எங்கே நிற்கிறது, சொல்லுங்கள், ஓட்டிப் பார்க்கிறேன் என்று எழுதுகிறேன்.