ஒரே லைனில் இரண்டு கடை

நவம்பர் 11, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். கோட்டை மலை பாதிக்கு மேல் காணோம். மேல்சித்தாமூர் கல்யாண வீடியோ எடிட்டிங் பாக்கி. பழைய கிராபிக்ஸ் கார்டு செத்துப் போச்சு. கம்ப்யூட்டர் கடை அண்ணன் இரண்டு கார்டு கொடுத்தார். போட்டுப் பார், ஒன்றை வைத்துக்கொள், சனிக்கிழமை சொல்லு என்றார்.

வீட்டில் நைனாவிடம் சொன்னேன். "ரெண்டு கார்டா? ஒரு வூட்டுக்கு ஒண்ணுதாம்மா குடுப்பாங்க." ரேஷன் நினைப்பு.

நவம்பர் 12, புதன்
பெரிய கார்டு. நல்ல வேகம். பொண்ணு பட்டுச்சேலையில் ஜரிகை இழை இழையாகத் தெரியுது. ஆனால் கரண்ட் ரொம்ப இழுக்குது. என் கடைக்குக் கீழே டெய்லர் ஆரோக்கியம் இஸ்திரிப் பெட்டி போட்டதும் லைட் மங்கி, கம்ப்யூட்டர் ஆஃப். இரண்டு கடைக்கும் ஒரே லைன். மறுபடி முதலிலிருந்து.

ஆரோக்கியம் படியேறி வந்து நின்றார். "என்னாலதான் ஆஃப் ஆச்சுங்களா? இனிமே கேட்டுட்டே போடுறேங்க."

அப்புறம் நாள் முழுக்க அதுதான். "இஸ்திரி போட்டுக்கட்டுங்களா?" "பத்து நிமிஷம் இருங்க." வெளியே மழை. வேலை இழுத்துக்கொண்டே போனது. எனக்கு அவசரமே வரவில்லை.

நவம்பர் 13, வியாழன்
சின்ன கார்டு. மெதுவு. சூடு இல்லை, சத்தம் இல்லை, கரண்ட் பாதிகூட எடுக்கவில்லை. இஸ்திரியும் ஓடுது, வீடியோவும் ஓடுது. ஜரிகை மட்டும் கலங்கல், மஞ்சள் பெயின்ட் அடித்த மாதிரி. டிவியில் பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

இன்று கேட்க வேண்டாம் என்று காலையிலேயே நான்தான் சொல்லிவிட்டேன். கேட்கவில்லை. ஜன்னலில் மேகம் மலையை மூடுவதும் விடுவதுமாக இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தேனோ. டீ ஆறிப்போச்சு. அந்தக் குரல் இல்லாமல் கடையே பிடிக்கவில்லை.

நவம்பர் 15, சனி
பெரிய கார்டையே வைத்துக்கொண்டேன். கடை அண்ணன்: "உன் லைனுக்கு சின்னதுதாம்மா சரி." ஜரிகை முக்கியம் அண்ணா என்றேன். முக்கியம்தான். பொய் இல்லையே.

இறங்கிப் போய் ஆரோக்கியத்திடம், "மறுபடி பெரிய கார்டுங்க. கேட்டுட்டுப் போடுங்க." தலையாட்டினார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

நவம்பர் 17, திங்கள்
வெயில். மலை முழுசாகத் தெரியுது. மதியம் வரை காது கீழேயே. சத்தம் இல்லை. கரி வாடை மட்டும்.

போய்ப் பார்த்தால் அவலூர்பேட்டையிலிருந்து பழைய கரி இஸ்திரிப் பெட்டி ஒன்று வாங்கி வந்திருக்கிறார். சட்டையெல்லாம் சாம்பல். "இனிமே கேக்கவே வேணாம். உன் வேல நிக்கக் கூடாதில்ல."

'உன்'. இத்தனை நாள் 'ங்க' போட்ட வாய். சொன்னதை அவரே கவனிக்கவில்லை. சந்தோஷம்தான். கூடவே ஆத்திரம். கெடுத்துட்டியே மனுஷா, இனி எதைக் கேட்டு வருவே.

"ஒரு ஜாக்கெட் தெக்கணும்" என்றேன்.

"அளவு ஜாக்கெட் கொண்டாந்தியா?"

வீடு நாலு கடை தள்ளித்தான். "நாளைக்குக் கொண்டாரேன்" என்றேன்.