மரியாதைப்படி அடுக்கவும்

1983 பிப்ரவரி 7, திங்கள்
இன்று முதல் பல்கலைக்கழகக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகப் போகிறேன். ஆளுக்கு ஒரு கட்டு அட்டை. அட்டைக்கு ஒரு தொழில். மரியாதை அதிகமுள்ளதை மேலே வைத்து அடுக்க வேண்டும். இப்படித்தான் வர்க்கத்தை அளப்பார்களாம். அளக்கட்டும்.

பிப்ரவரி 9
அட்டைக் கட்டை நெவிலிடமும் கொடுத்துப் பார்த்தேன். நவம்பரில் உருக்காலை ஆட்குறைப்பில் வேலை போனபின் என் புருஷன் நாற்காலியை விட்டு எழுந்ததே அபூர்வம். டாக்டரை மேலே வைத்தான். உலைக்காரன் நடுவில். எல்லாவற்றுக்கும் அடியில் துப்புரவாளர்.

"குப்பை வண்டிக்காரனாவது வெளிக்காத்துல நிக்கிறான். இவன் ஊரான் கக்கூஸ்ல மண்டி போடணும்."

ஆரம்பப் பள்ளியில் துப்புரவு வேலை காலி. இவனுக்காக நேற்றே சொல்லி வைத்துவிட்டேன். இனி எப்படிச் சொல்ல?

பிப்ரவரி 14
சொன்னேன். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "உலை முன்னாடி நின்னவன்டி நான்" — அவ்வளவுதான். கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டான்.

பிப்ரவரி 18
வேலை போனவனை எந்த வர்க்கத்தில் வைப்பீர்கள் என்று கணக்கெடுப்பு நடத்தும் டாக்டர் ஹெதரிங்டனிடம் கேட்டேன்.

"கடைசியாப் பார்த்த வேலைதான் கணக்கு, வெர்னா. பொண்டாட்டிக்கும் அதேதான்."

"அவ தனியா சம்பாதிச்சா?"

"அப்பவும் புருஷன் வேலைதான்."

வீட்டில் சொன்னேன். "அப்ப சம்பளத்தையும் அவங்களையே அனுப்பச் சொல்லு" என்றான் நெவில். வேலை போனபின் முதல் கிண்டல். சிரித்திருக்க வேண்டும். வரவில்லை.

பிப்ரவரி 25
கணக்கெடுப்பு முடிந்தது. நான் போன வீடுகளில் முக்கால்வாசிப் பேர் துப்புரவாளரைத்தான் அடியில் வைத்தார்கள். அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போய், அந்த வேலையை நானே வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 1
வாளி, பிளீச், கழிப்பறை. ஒன்றும் தோன்றவில்லை. நெவில் காரில் கொண்டுவந்து விடுகிறான், ஒரு தெரு முன்னாலேயே. ஏனென்று நான் கேட்கவில்லை. தெரிந்ததை எதற்குக் கேட்க?

மார்ச் 2
அதே.

மார்ச் 11
இறங்கப் போகும்போது டட்லி நாயோடு வந்தான். நெவிலோடு உலை முன்னால் நின்றவன், அவனோடு ஒரே நாளில் வேலை போனவன். கார் ஜன்னலில் குனிந்தான்.

"என்னடா, காலங்காத்தால ஜோடியா?"

பல்கலைக்கழக வேலை என்று சொல்ல வாயெடுத்தேன். நெவில் முந்திக்கொண்டான்.

"இவ ஸ்கூல்ல கக்கூஸ் கழுவுறா. நான் இவளுக்கு டிரைவர். சம்பளம் டீயும் டோஸ்ட்டும்."

டட்லி சிரிக்கவில்லை. நாயின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"வெர்னா, அங்க இன்னொரு ஆள் எடுப்பாங்களா?"

"எடுத்தா நான்தான்டா முதல்ல," என்றான் நெவில். "எனக்கப்புறம் நீ கேளு."

காரைப் பள்ளி வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினான். வாளியில் தண்ணீர் பிடிக்கும்போது எனக்கு அழுகை வந்தது. வாளி நிரம்பி வழிந்த பிறகும் அழுதுகொண்டிருந்தேன்.