போர்டு நல்லாத்தான் கீது

ஓரகடம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் நிலவனுக்கு அம்மா எழுதுவது. அந்தக் குளிர் தேசத்தில் சளி, இருமல் ஒன்றுமில்லாமல் நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே உடம்பளவில் மூன்று பேரும் சௌக்கியம். மனசைக் கேட்டால் எனக்கு வெறுத்துப்போய்க் கிடக்கிறது, அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார், நடுவில் போனைப் பிடுங்கி அவர் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். அதனால் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன், எழுத்து கிறுக்கலாக இருந்தால் பெரிதாக்கிப் படித்துக்கொள். காலுக்கு உறை போட்டுக்கொண்டு தூங்கு. டப்பாவில் அடைத்த நூடுல்ஸையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, அனுப்பிய பருப்புப்பொடி தீர்ந்துவிட்டால் சொல்.

உன் அப்பாவுக்கு கம்பெனியில் ரிட்டையர்மென்ட் நெருங்க நெருங்க கம்பெனியையே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். ஃபைவ் எஸ், கைசன் என்று பொருளை ஒழுங்காக வைக்கிற, வேலையைச் சீராக்குகிற முறைகளாம், நீ இருக்கும் அந்த ஊர்க்காரர்கள் எதற்காகத்தான் இந்தக் கண்றாவியைக் கண்டுபிடித்தார்களோ. சமையல்கட்டில் சிலிண்டர் வைக்கும் இடத்தைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறார், சிலிண்டர் கொஞ்சம் நகர்ந்தால் என்னைக் கூப்பிட்டு விசாரணை. அரிசி டிரம்முக்கு அரிசி என்று லேபிள், இத்தனை வருஷமாக நான் அதில் என்ன துணியா துவைத்தேன். இதற்கெல்லாம் மேலே அந்த சிவப்பு அட்டை. எந்தப் பொருள் எதற்கு என்று தெரியவில்லையோ அதில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டித் தூக்கி ஓரமாகப் போட வேண்டுமாம், கொஞ்ச நாளில் யாரும் தேடி வரவில்லை என்றால் அது தேவையில்லாதது என்று முடிவு கட்டி வீசிவிட வேண்டுமாம். என் இட்லி குண்டானில் அட்டை தொங்கியதைப் பார்த்து நான் போட்ட சத்தம் வல்லம் வடகால் வரைக்கும் கேட்டிருக்கும். அப்போதெல்லாம் சிரிப்பும் எரிச்சலுமாகப் போனது. இப்போது அந்த மஞ்சள் டேப்பைப் பார்த்தாலே குமட்டுகிறது.

உன் தங்கை கலைமதிக்கு கோயம்புத்தூரில் இயந்திர பாகங்களுக்கு டிராயிங் போடும் ஆபீஸ் ஒன்றில் வேலைக்கு ஆன்லைன் டெஸ்ட் வந்தது உனக்குத் தெரியும். டிப்ளமோ முடித்ததிலிருந்து அவள் ஒரே பிடிவாதம்தான், நட்டு போல்ட்டு முடுக்கும் லைனில் நிற்க மாட்டேன், அந்த நட்டு போல்ட்டை வரைகிற இடத்தில்தான் உட்காருவேன் என்று. அந்த டெஸ்ட்டை செல்போனில் எழுத முடியாது, கேமரா வைத்த கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும், முதலிலேயே அவர்களுடைய புரோகிராமை அதில் ஏற்றிப் பதிவு செய்துவிட வேண்டும். உன்னுடைய பழைய கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஏற்றி, சரிபார்த்து, மேலே துணி போட்டு மூடிவிட்டு, டெஸ்ட்டுக்கு முந்தின நாள் சிங்கப்பெருமாள் கோவிலில் சிநேகிதியைப் பார்க்கப் போனாள். நான் ரேஷன் கடை வரிசையில் நின்றேன். வீட்டில் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்து வந்த உன் அப்பா மட்டும்தான்.

மறுநாள் காலையில் குளித்து, சாமி கும்பிட்டு, பொட்டு வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள் குழந்தை. பட்டனை அழுத்தினால் லைட் எரிகிறது, உள்ளே ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கன்னங்கரேல் என்று கிடக்கிறது. ஒயரைப் பிடுங்கி மாட்டினாள், வேறு ஒயர் போட்டாள், எதிர்வீட்டு அமலா வீட்டிலிருந்து அவர்கள் திரையைத் தூக்கிவந்து மாட்டிப் பார்த்தாள், எதற்கும் அசையவில்லை. அவர்கள் லேப்டாப்பை அந்த வீட்டுப் பெண் காலேஜுக்கு எடுத்துப் போய்விட்டாளாம். அன்று லீவில் இருந்த உன் அப்பா காபி டம்ளரோடு வந்து நின்றார். வந்தவர் உதவி செய்யவில்லை, விசாரணை தொடங்கினார். கம்பெனியில் மிஷின் நின்றால் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போய்க் காரணத்தைப் பிடிப்பார்களாமே, அந்தக் கேள்விகள். கடைசியா தொட்டது யாரு, நீதான, ஏன் புதுசா ஏத்துன, ஏன் என்னாண்ட கேக்கல என்று அழும் பிள்ளையை நிற்க வைத்துக் கேட்டார். கடைசியில் தீர்ப்பும் அவரே சொன்னார், கண்டதையும் டவுன்லோட் பண்ணி சிஸ்டத்த சாவடிச்சிட்ட என்று. அவள், நேத்து நல்லா ஓடிச்சுப்பா, நான் பாத்துட்டுத்தான் மூடினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். டெஸ்ட் நேரம் அவள் கண்ணெதிரே கடந்து போனது. அதற்குப் பிறகு அழவும் இல்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் கம்ப்யூட்டரைப் பழைய போர்வையில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் படப்பையில் ராஜசேகர் கடைக்குப் போனோம், அதுதான் உனக்கு முன்பு ஹெட்போன் வாங்கிய கடை. அவன் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, போர்டு போயிடுச்சுக்கா, வேற போர்டுதான் போடணும் என்றான். கலைமதி தலையைக் குனிந்துகொண்டாள், தான்தான் கெடுத்துவிட்டோம் என்று அவளே நம்பிவிட்டாள். அப்போது உன் அப்பா வாயைத் திறந்தார். போர்டு நல்லாத்தான் கீது, சும்மா வாய்க்கு வந்தத சொல்லாத, உள்செட்டிங்ல டிஸ்ப்ளேவ நான்தான் ஆஃப் பண்ணேன் என்றார். கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அது கூட உறைக்கவில்லை. ஸ்டார்ட் ஆவ லேட்டாவுதுன்னு உள்ள போயி தேவயில்லாதது எல்லாத்தையும் நிறுத்துனேன், இன்னாதுன்னு புரியாதது எதுவானாலும் ஆஃப், எது இல்லாம ஓடலயோ அத மட்டும் திருப்பிப் போட்டுக்கலாம்னு பாத்தேன் என்று பாடம் வேறு நடத்துகிறார். சிவப்பு அட்டை கட்டும் அதே புத்தி. திரையில் படம் காட்டுவதையே நிறுத்திவிட்டால், திருப்பிப் போடுவதற்கு எதைப் பார்த்துப் போடுவது என்று அந்த மூளைக்கு எட்டவில்லை. படம் போனதும் மெயினை அணைத்து, கலைமதி போட்டிருந்த துணியை அதே மாதிரி மடிப்புக் கலையாமல் மூடிவிட்டு, வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறார்.

நிலவா, எனக்கு உடம்பெல்லாம் கூசியது. காலையில் பெற்ற பெண் கதறும்போது திறக்காத வாய், ஒரு கடைக்காரன் மிஷினைப் பற்றித் தப்பாகச் சொன்னதும் பொறுக்காமல் திறந்துகொண்டது. மெயின்டனன்ஸ் கோதண்டத்தின் கௌரவம் குறையக் கூடாது, மகள் எப்படிப் போனால் என்ன. ராஜசேகர் உள்ளே இருந்த ஒரு சின்ன வட்ட பேட்டரியைக் கழற்றி, கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் போட்டான். செட்டிங் எல்லாம் வாங்கின புதிதில் இருந்தபடி மாறிவிடுமாம். படம் வந்துவிட்டது. தேதி மட்டும் ஏதோ பழைய வருஷத்துக்குப் போயிருந்தது, அதையும் சரிசெய்தான். ஒரு டீ குடிக்கும் நேரம் கூட ஆகவில்லை. காலையில் இந்த மனுஷன் உண்மையைச் சொல்லியிருந்தால் டெஸ்ட்டுக்கு முன்பே முடிந்திருக்கும் வேலை.

வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் கலைமதி ஒன்றே ஒன்று கேட்டாள், காலையில கேள்வி கேட்டப்பவே உனக்கு தெரியுமாப்பா என்று. தெரிஞ்சா மட்டும் இன்னா, நான் சொன்னாப்ல படம் வந்துடப்போவுதா, இப்ப ஓடுதுல்ல, வுடு என்றார். சீ என்று ஆகிவிட்டது எனக்கு. அதோடு நிற்கவில்லை. மறுநாள் தெருவில் நின்று, படப்பைல ஒருத்தன் போர்ட மாத்தச் சொல்லி ஏமாத்தப் பாத்தான், நான்தான் ஃபால்ட்ட புடிச்சேன் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அமலா என்னிடமே அவரைப் பாராட்டுகிறாள், அண்ணனுக்கு எவ்ளோ மூளை என்று. அந்த ஆளுக்கு நான் சோறு போடும்போது தட்டை வைக்கிற சத்தம் கொஞ்சம் பலமாகத்தான் கேட்கிறது, கேட்கட்டும்.

கலைமதி கோயம்புத்தூருக்கு இன்னொரு வாய்ப்பு கேட்டு மெயில் அனுப்பினாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன், கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறாள். உங்க அப்பன் பண்ணத எழுதறதுதான என்றேன். யாரு மேல போட்டா இன்னாம்மா, நான் டெஸ்ட்டு எழுதல, அவ்ளோதான் என்றாள். பதில் வரவில்லை. இதற்கிடையில் உன் அப்பா, கான்ட்ராக்டர் தாண்டவராயனிடம் சொல்லி வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி லைனில் அவளுக்கு இடம் பிடித்துவிட்டார். நடந்ததைச் சரிக்கட்டிவிட்டதாக அவர் நினைப்பு. இத்தனை நாள் அந்தப் பேச்சை எடுத்தாலே எரிந்து விழுகிறவள், சரி என்று யூனிஃபார்மை வாங்கி வைத்துக்கொண்டாள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. சண்டை போட்டால் கூட நிம்மதியாகத் தூங்குவேன். வேண்டாம் என்றால் போகாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன், அவள் யூனிஃபார்ம் சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள்.

அப்பாவுக்குப் போன் செய்து புத்தி சொல்லு என்று உன்னைக் கேட்கவில்லை, அது வேண்டாத வேலை. அவருக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், அவளிடம் தப்பை ஒத்துக்கொள்ளும் வரைக்கும் என்னோடு பேச வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். உன்னிடம் கேட்க வேண்டியது வேறு. அன்று காலை ஒன்றும் ஓடாமல் உனக்குப் போன் போட்டேன் அல்லவா, கம்ப்யூட்டர் வரவில்லைடா என்றுதான் சொன்னேன், வேறு ஒன்றுமே சொல்லவில்லை. நீ என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. லைட் எரிகிறதா என்று கேட்கவில்லை. இன்னாத்த நோண்டினா அவ என்றாய், எனக்கு ஷிப்ட்டு கீது என்று வைத்துவிட்டாய். அத்தனை தூரம் போய் உட்கார்ந்தும் அந்த மனுஷனின் வாய் உனக்கும் அப்படியே இருக்கிறதே என்று எனக்கு அருவருப்பாக இருந்தது மகனே, உன்னைப் பெற்றவள்தான் சொல்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி ஓவர்டைம் வேலையை அளவாகப் பார். நோய் நொடி அண்டாமல், நல்ல பேரோடு நீ வாழ வேண்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. நாளைக் காலை அவள் கம்பெனி பஸ் ஏறுவதற்கு முன் அவளைக் கூப்பிட்டுப் பேசு. கம்ப்யூட்டர் இப்போது ஓடுகிறதா என்று கேட்டு ஆரம்பிக்காதே. தப்பாகப் பேசிவிட்டேன், மன்னித்துக்கொள் என்று ஆரம்பி. அன்று போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது, நீ கேட்டதை அவள் என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
கோ. அம்சவல்லி