மீனுக்காகக் கேட்ட ஜெனரேட்டர்

நேற்று ஒரு வேலையாக நெய்யாற்றின்கரைக்குப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் வழியில் புதிதாக ஒரு அலங்கார மீன் கடை. உள்ளே ஒரு பெண் தொட்டியிலிருந்து பாறைத் துண்டு ஒன்றைத் தூக்கி வாளியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஈரப்பாசியும் உப்பும் கலந்த அந்த வாசனை தெருவுக்கு வந்து என்னைப் பிடித்து நிறுத்தியது. உன் முன்னறையின் வாசனை. நீ இறந்துபோன பிறகு முதல் தடவையாக அதை முகர்கிறேன். அழுகை வரவில்லை. முகம்தான் சூடாகியது. உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இப்போதும் வெட்கம்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் பாறசாலையில் ஒரு ட்யூட்டோரியல் காலேஜில் நாம் பாடம் எடுத்தோம். நீ விலங்கியல், நான் கணக்கு. என் கல்யாணம் நின்றுபோனது அப்போதுதான். குளத்தூரில் பெண் வீட்டுப் பந்தல். பட்டு வேட்டி கட்டி மணவறையில் உட்கார்ந்திருந்தேன். பெண் தனக்குப் பிடித்த ஒருவனோடு விடியுமுன் போய்விட்டாள் என்று யாரோ என் மாமாவின் காதில் சொன்னார்கள். அவர் முகம் மாறியதை எனக்கு முன்பே பந்தல் முழுவதும் பார்த்துவிட்டது. எழுந்து நடந்து வெளியே வந்தேன். அத்தனை பேரும் வழிவிட்டு ஒதுங்கினார்கள். அந்த ஒதுங்கல்தான் என்னால் தாங்க முடியாமல் போனது.

அதன் பிறகு நான் வகுப்புக்கு வரவில்லை. முடி வெட்டிக்கொள்ளக்கூடப் போகவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் அம்மா, "அவன் உறங்குறான்" என்று சொல்லி அனுப்பினாள். நீ வந்தாய். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.

"எலே, ஒரு கை வேணும். நாலடிக் கண்ணாடித் தொட்டியாக்கும். ஒத்தைக்குத் தூக்க முடியாது."

தூக்கி வைத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் வந்தேன். நீ விடவில்லை. முன்னறையில் கடலைக் கொண்டுவந்து வைக்கப்போகிறாய் என்றாய். வெறும் மீன் தொட்டி அல்ல. பாறையும் பவளப்பூவும் புழுவும் நண்டும் சேர்ந்து வாழும் கடல். மணலுக்கடியில் பிவிசி குழாய் பதித்தோம். பொழியூர்க் கரையில் கேன் கேனாக நீர் மொண்டு வாடகை ஜீப்பில் ஏற்றினோம். ஆள் நடமாட்டம் குறைந்த நேரமாகப் பார்த்தே நான் வருவேன் என்பது உனக்குத் தெரியும். 

நீர் நிறைந்த பிறகும் வாரக்கணக்கில் தொட்டியில் ஒரு மீன்கூட இல்லை. காற்றுக்குழாய் மட்டும் கொப்பளித்துக்கொண்டிருந்தது. "மீன் எங்கலே?" என்று கேட்டேன். "தொட்டி வெள்ளத்துக்கு முதல்ல உயிர் வரணும் கேட்டியா? இப்பம் மீனை விட்டா, அதோட கழிவே அதைக் கொல்லும்," என்றாய். கண்ணாடியில் பழுப்புப் பாசி படர்ந்தது, பிறகு பச்சை. வற்றிய அளவுக்குக் கிணற்று நீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்பு எங்கும் போகாது என்று நீ சொன்னபோது, கணக்கு வாத்தியார் என்ற முறையில் எனக்கு அது பிடித்திருந்தது. சிப்பி எடுக்க முங்கும் பொழியூர்க்காரர்கள் உயிருள்ள பாறைகளை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். ஒரு பாறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கடல் சாமந்தி, பூப்போலத் தோன்றும் கடலுயிர், ஒட்டியிருந்தது. அது முதன்முதலாக விரிந்த அன்று உன் மனைவி அடுப்பை மறந்து நின்றாள், சோறு அடிப்பிடித்தது. பிறகு வரிபோட்ட சிறுமீன்கள் வந்தன. ஊர் பார்க்க வந்தது. யாராவது படியேறினால் நான் பின்கட்டுக்குப் போய்விடுவேன். அவர்கள் போகும்வரை உன் அடுக்களையில் தேங்காய் துருவியிருக்கிறேன்.

ஐப்பசியின் துலாமழையில் அந்தப் புயல் அடித்தது. கம்பங்கள் சாய்ந்து மின்சாரம் போயிற்று. என்று வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. காலையில் நான் வந்தபோது நீ பிளாஸ்டிக் மக்கால் நீரைக் கோரி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாய், காற்று கலப்பதற்காக. உன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். அவளும் ஊற்றியிருக்கிறாள். மதியத்துக்குள் நம் கைகள் ஓய்ந்துவிட்டன. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கடல் சாமந்தி ஒரு கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

"ஜெனரேட்டர் வேணும்லே. குளத்தூர்ல உண்டு," என்றாய், என்னைப் பார்க்காமல்.

குளத்தூரில் யாரிடம் என்று நான் கேட்கவில்லை. பந்தலும் விளக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விட்டவர் அந்தப் பெண்ணின் அப்பா.

"நீ போ. நான் ஊத்துறேன்."

"நான் ஊத்துறேன், நீ போ," என்று நீ சொன்னாய். "இதை விட்டு நான் எப்பிடி போறது?"

சைக்கிளை எடுத்தேன். ஜங்ஷன் டீக்கடையில் பேச்சு நின்றது எனக்குக் கேட்டது. அந்த வீட்டு வாசலில் இறங்கிச் சைக்கிளைச் சாத்தினேன். பெண்ணின் அம்மா என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அவர் வந்தார். தாடி வளர்ந்திருந்தது. முற்றத்தில் இறங்கி, என் முன்னால் நின்றார்.

"அடிக்கணும்னா அடிச்சிரு மக்களே. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"ஜெனரேட்டர் வேணும்," என்றேன்.

"எதுக்கு?"

"மீனுக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருக்கக்கூடும். கரண்ட், காற்று, தொட்டி என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் கொட்டகையைத் திறந்தார். என் கல்யாணம் நின்ற நாளுக்குப் பிறகு அதை யாரும் திறக்கவில்லை என்பது பூட்டின் துருவில் தெரிந்தது. இரண்டு பேரும் பிடித்து ஜெனரேட்டரை அவருடைய டெம்போவில் ஏற்றினோம். ஜங்ஷன் வழியாக வரும்போது நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் பார்த்தால், வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அவர் என்னைவிடக் குனிந்திருந்தார். ஊரே என்னைப் பார்க்கிறது என்று நான் வீட்டுக்குள் கிடந்த அத்தனை நாளும், என் முகத்தைப் பார்க்க முடியாமல் இன்னொரு மனிதர் தன் வீட்டுக்குள் கிடந்திருக்கிறார். அவரை நான் ஒருமுறைகூட நினைத்துப்பார்க்கவில்லை. மணவறையிலிருந்து எழுந்தபோது பட்ட வெட்கத்தைவிட அது பெரிதாக இருந்தது.

ஜெனரேட்டர் ஓடியது, குழாய் கொப்பளித்தது. மீன்களில் பாதி அதற்குள் செத்துவிட்டிருந்தன. அவர் தொட்டி முன்னால் குந்தி உட்கார்ந்து, சுருங்கிக் கிடந்த கடல் சாமந்தியைக் காட்டி, "இதுக்கும் நாணமோ?" என்று கேட்டார்.

"நாணம் ஒண்ணும் இல்ல மாமா. வெள்ளம் அசையாம நின்னா சுருங்கிப்போவும். அசைஞ்சா விரியும். அவ்வளவுதான்," என்றாய்.

மறுநாள் அது விரிந்தது. அடுத்த திங்கட்கிழமை நான் வகுப்புக்குப் போனேன். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தொட்டியைப் பார்க்க வரத் தொடங்கினார். சில வருடம் கழித்து ஒரு நாள் மகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் பின்கட்டுக்கு எழுந்தேன். "எலே, இஞ்ச வா. சின்னவன் என்னமோ கேக்குறான்," என்று நீ கூப்பிட்டாய். அவளை நிமிர்ந்து பார்க்காமலேயே பையனுக்குப் பாறையில் விசிறிபோல் விரிந்திருந்த விசிறிப்புழுவைக் காட்டிக்கொடுத்தேன். போகும்போது அவள், "வாறேன்" என்றாள். "சரி" என்றேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனாலும் அன்று இரவு நன்றாக உறங்கினேன்.

போன வருடம் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது, எதற்கோ அந்தப் புயலைப் பற்றிப் பேச்சு வந்தது. "கடற்கரை சர்ச்சுல ஒரு ஜெனரேட்டர் இருந்துதே. அதை நாம ஏன் கேக்கல்ல?" என்றேன்.

"கேட்டேன். காலையிலேயே தாறேன்னு சொன்னாவ. நான்தான் வேண்டாம்னேன்."

"மீன் பாதி செத்துதேலே."

"மீன் கடல்ல இனியும் உண்டு," என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

உன் தொட்டியை நான் காப்பாற்றினேன் என்று அத்தனை வருடமும் உள்ளுக்குள் ஒரு பெருமை வைத்திருந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நீ சிரித்திருப்பாய்.

வெட்கம் இன்னும் போகவில்லை. ஆனால் அது என்னை வீட்டுக்குள் உட்கார வைப்பதில்லை. போன மாதம் எங்கள் தெருவில் ஒருவருடைய மகனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிற்று. அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வாசல் வந்தால் எல்லோரும் குரலைத் தாழ்த்தி நடந்தார்கள். நான் போய்க் கதவைத் தட்டி, ஏணி வேண்டும் என்றேன். "எதுக்கு?" என்றார். தென்னை ஓலை சரிந்து கிடக்கிறது என்றேன். என் வீட்டில் தென்னையே இல்லை என்பது அவருக்கும் தெரியும். உள்ளே போய் ஏணியை எடுத்து வந்தார். பிறகு ஏணியின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். பட்டப்பகலில், தெரு நடுவே, இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு வந்தோம்.