எண் குறிக்காமல் விட்ட இடம்

என் தங்கமே, செல்வி,

உத்திரமேரூரில் இன்று மத்தியானம் முழுக்க கரண்ட் இருந்தது. நீ உயிரோடு இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாய்.

நான் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளிக்கு வந்த அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது. திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சின்னக் கணக்கு. வரும் விடையை மறுபடி அதற்குள்ளேயே போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனையாவது சுற்றில் எண் கட்டுமீறிப் பெருகுகிறதோ, அதற்கேற்ற நிறம் அந்தப் புள்ளிக்கு. நான் எழுதிய புரோகிராம் அவ்வளவுதான். அதைப் படமாக்கியது ஜாக்கெட் தைக்கும் உன் கண். இருந்த எட்டு நிறத்தில் எதன் பக்கத்தில் எது என்று நீதானே மாற்றி மாற்றி வைத்தாய்.

"இன்னாக்கா, சேப்புக்குப் பக்கத்துல பச்சையா? கண்ண குத்துது. மஞ்சள வை."

பெரிதாக்கிப் பார்க்கும் வசதியைச் சேர்த்த பிறகு உன்னைப் பிடிக்க முடியவில்லை. ஓரத்தில் ஒரு துளியைப் பெரிதாக்கி, அதற்குள் இன்னொரு துளியைப் பெரிதாக்கி, ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கில் காத்திருந்து, ஒரு சனிக்கிழமை அந்த மூலைக்குப் போய்ச் சேர்ந்தோம். கறுப்பைச் சுற்றி மஞ்சள் சுருள்கள்.

"இது என் எடம்க்கா. நம்பர எய்தி வை."

பேப்பரில் எழுதவா புரோகிராம் போடுகிறோம், அந்த இடத்தைக் காட்டும் எண்களை அதுவே கேசட் டேப்பில் பதிகிற மாதிரி நாளைக்குச் செய்கிறேன் என்று ஜம்பமாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் கரண்ட் போனது. படத்தோடு எண்களும் போயின.

எண்களைப் பதியும் வசதியைச் சேர்ப்பதற்குள் உனக்குக் காமாலை. படுக்கையில் கேட்டாயே, "அந்த எடம் திரும்பி வந்துச்சாக்கா?"

"வந்துச்சுடி."

"மஞ்சளாத்தான் இருக்குதா?"

ஆமாம் என்றேன். பொய். நீ சிரித்தாய். தெரிந்துதான் சிரித்தாயா?

இப்போது ஒவ்வொரு படத்தோடும் நடுப்புள்ளி, அகலம், சுற்றுகளின் எண்ணிக்கை, நிற வரிசை எல்லாம் தானாகப் பதிகின்றன. உன் நிற வரிசைதான், மாற்றவில்லை. எந்தப் படத்தையும் திரும்ப வரவழைக்கலாம், உன் மூலையைத் தவிர. அந்த இடம் எங்கேயும் போய்விடவில்லை செல்வி, எண் தெரிந்தால் இன்றைக்கே வரும். உன்னை வரவழைக்கத்தான் எந்த எண்ணும் இல்லை. பாவி, ஒரு பென்சிலை எடுக்காமல் விட்டேனே.

சனிக்கிழமைதோறும் ஓரம் ஓரமாகத் தேடிக்கொண்டு வருகிறேன். கிடைத்தால் முதலில் காகிதத்தில்தான் எழுதுவேன். உன்னிடம் சொன்ன பொய்யை உண்மையாக்காமல் விடமாட்டேன்.

உன் பேச்சைக் கேட்காத அக்கா,
விஜயா