கதவில் அம்மாவின் முகம்

செபராங் ஜெயா,
திங்கட்கிழமை

அன்புத் தம்பி ஹைதருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மெல்பர்னில் நீயும் நூருலும் பிள்ளைகளும் நலமாக இருக்க அல்லாஹ் அருள்வானாக. இங்கே உன் மச்சானுக்கு முட்டிவலி, எனக்குக் கோபம். முட்டிவலிக்காவது தைலம் இருக்கிறது. போனில் பேசினால் கத்திவிடுவேன், நீயும் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுதும் படி.

பெருநாளுக்கு வரும்போது எங்கள் ஃப்ளாட்டில் இடம் போதாது, நாம் பிறந்த வீட்டிலேயே ரூம் போட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னாய். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்தில், அத்தா கயிற்றுக்கடை வைத்திருந்த அதே வீடு இப்போது ஹோட்டல். தம்பி தங்கப்போகிற இடத்தைப் பார்த்துவிட்டு வரலாமே என்று நேற்று மகள் இஸ்ஸதியோடு ஃபெர்ரி ஏறித் தீவுக்குப் போனேன். போகாமலே இருந்திருக்கலாம்.

வாசலில் நம் சந்தின் வரலாறு என்று ஒரு பெரிய பலகை. பணக்கார மசாலா வணிகர்கள் வாழ்ந்த மாளிகையாம். எந்த மாளிகை? கீழே கயிறும் தாரும் நாறும். மேலே பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் சொங்கோக் தொப்பி தைக்கும் குடும்பம். கப்பலடியில் மூட்டை தூக்கியவர்கள் ஐந்தடி நடைபாதையில் கட்டில் போட்டுத் தூங்குவார்கள். வாடகையை ஏற்றவிடாத பழைய சட்டம் போனதும் எல்லாரையும் கிளப்பிவிட்டார்களே, அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. உள்ளே போனால் ஏதோ எலுமிச்சைப் புல் வாசனையை அடித்து வைத்திருக்கிறார்கள்.

பின்கட்டில் மேசை போட்டிருக்கிறார்கள். அங்கேதான் நம் வாளிக் கக்கூஸ் இருந்தது, மறந்திருக்க மாட்டாய். வாளி எடுப்பவர் சந்திலிருந்து திறக்கும் அந்தச் சின்னக் கதவுக்கு வார்னிஷ் அடித்து அழகு பார்க்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கேக் தின்றார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் இஸ்ஸதிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்கும்தான். அதுவரைக்கும் சிரிப்புதான்.

காப்பி வந்தது. குடிக்குமுன் ஒதுங்கிவிட்டு வரலாம் என்று பாத்ரூமைத் தேடிப் போனேன். அங்கே பெண்களுக்கான கதவில் எழுத்து எதுவும் இல்லை, ஹைதர். ஒரு பெண்ணின் முகத்தைக் கதவு கொள்ளப் பெரிதாக்கி ஒட்டியிருக்கிறார்கள். முக்காடு, ஒற்றைக்கல் மூக்குத்தி, இடது புருவத்தில் தழும்பு. நம் அம்மா.

ஆண்கள் கதவில் யாரோ ஒரு சீனப் பெரியவர். அவர் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்களோ.

கைப்பிடி கிடையாது, தள்ளித் திறக்கிற கதவு. நான் நிற்கும்போதே ஒருத்தி வந்து அம்மாவின் கன்னத்தில் கையை வைத்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கன்னமெல்லாம் கை அழுக்கு. நான் உள்ளே போகவில்லை. எப்படிப் போவேன்?

கவுண்டரில் ஷர்மினி என்று ஒரு தமிழ்ப் பெண். பாவம், அவளிடம்தான் கத்தினேன். “ஆன்ட்டி, அது ஓனர் ஐடியா லா. பழைய படம் இருந்தா அனுப்புங்கன்னு நெட்ல போட்டோம், ஆஸ்திரேலியாவுல இருந்து மகனே அனுப்பி வச்சாரு. எடுக்கணும்னா அனுப்புனவருதான் நேர்ல வந்து சொல்லணும், ஈமெயில எல்லாம் ஓனர் பாக்கவே மாட்டாரு” என்றாள். மகள் சொன்னால் போதாதாம்.

அம்மா வாழ்நாளில் எடுத்துக்கொண்ட ஒரே படம் அது, ஹஜ் பாஸ்போர்ட்டுக்காக. பெரிதாக்கித் தரட்டுமா என்று ஸ்டூடியோக்காரர் கேட்டதற்கு, “மண்ணுக்குப் போற முகம், செவுத்துக்கு எதுக்கு?” என்று சொல்லிவிட்டார்கள். அத்தாவைக்கூட மாட்டவிடவில்லை. நீ படிக்கப் போகிற அன்று அழுதாய் என்றுதான் உன் பெட்டிக்குள் வைத்தார்கள். ஹோட்டலில் கண்ணாடிச் சட்டம் போட்டு மரியாதையாக வைப்பார்கள் என்று நம்பி அனுப்பியிருப்பாய். எனக்குப் புரிகிறது. ஆனாலும் என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? அந்த ஹோட்டலை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. உன்னை நினைத்தாலும்தான், மறைக்க மாட்டேன்.

ரூமை ரத்து செய் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது வேண்டாம் என்கிறேன். காசு கொடுத்துத் தங்குகிற ஆளை அவர்கள் விரட்ட மாட்டார்கள். பெருநாள்வரை காத்திராமல் வரும் தேதியை முன்னால் மாற்றிப் போடு. விமானத்திலிருந்து நேராக அங்கே போ. அந்தக் கதவுக்கு முன்னால் நின்று பார். பிறகு உன் கையாலேயே அதை உரித்தெடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடு. கூடத்தில் பாய் விரித்து வைக்கிறேன், எல்லாருக்கும் இடம் போதும்.

நேற்று கிளம்பும் முன் முக்காட்டு நுனியை நனைத்து அம்மாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டுத்தான் வந்தேன். இனி வாராவாரம் போவேன். உள்ளே விட வேண்டுமென்றால் ஒரு காப்பியாவது வாங்க வேண்டும். வாங்கி வைத்துவிட்டு, துடைத்துவிட்டு வருவேன்.

அல்லாஹ் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். சீக்கிரம் வா, தம்பி. அந்தக் காப்பி என் தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது.

துஆவோடு,
உன் அக்கா நோர்மா