என் முப்பத்தேழாவது மனுவின் மீது ஒரு புகார்

அனுப்புநர்:
எடை அளவைத் துறை உதவி ஆய்வாளர் (ஓய்வு),
ஆற்றங்கரைத் தெரு, கடைசி வீடு.
(தற்போது: ஜெபக்கூடம், இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சு)

பெறுநர்:
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம்.

பொருள்: ஒலிபெருக்கி, அளவுக் கம்பம் – என் புகாரின் பேரில் பறிமுதல் – உடனே திருப்பித் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: என் மனு எண் 37.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் அலுவலகத்துக்கு நான் புதியவன் அல்லன். எரியாத தெருவிளக்கு, நிற்காத பேருந்து, ஓடாத சாக்கடை ஆகியவை குறித்து முப்பத்தாறு மனுக்கள் அளித்துள்ளேன். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. முப்பத்தேழாவது மனுவுக்கு மட்டும் நான்கே நாளில் ஜீப் வந்தது. அந்த ஒரு மனுவுக்கு ஏன் இத்தனை அவசரம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இது அந்த மனுவின் மீது நானே அளிக்கும் புகார்.

2. மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய வெள்ளத்தில் ஆற்றோரத்து ஏழைக் கிராமங்கள் நான்கும் மூழ்கின. பலர் வந்து போர்வை கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மிஷனிலிருந்து வந்த ஊழியர் ஒருவர் மட்டும் திரும்பிப் போகவில்லை. மேட்டில் தகரக் கூரை போட்டு ஜெபக்கூடம் கட்டினார். செங்கல் சூளைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொன்னார். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனார். கூரை மேல் இரண்டு கூம்பு ஒலிபெருக்கிகளைக் கட்டியதால் மக்கள் அவரைக் ‘கூம்பு பாஸ்டர்’ என்பார்கள். படித்துறையில் ஒரு மரக் கம்பத்தை நட்டு, அதில் சிவப்புக் கோடுகள் போட்டு, தினமும் காலை ஐந்து மணிக்கு ஒரு பாட்டு, ஒரு ஜெபம், அதன் பின் ஆற்று நிலவரம் சொல்வார்: “அன்பானவங்களே, தண்ணி ரெண்டாவது கோட்டுக்குக் கீழதான் இருக்கு. பயப்படாம வேலைக்குப் போங்க.”

3. நான் எந்த மதத்தின் ஒலிக்கும் பகைவன் அல்லன். காலை ஐந்து மணிக்கு எழும் எல்லா ஒலிக்கும் பகைவன். ஆயினும் என் மனு சத்தத்தோடு நிற்கவில்லை. முப்பத்தோரு வருடம் கடைக்காரர்களின் தராசைச் சோதித்த கை சும்மா இருக்காதல்லவா? டேப் எடுத்துப் போய் அந்தக் கம்பத்தை அளந்தேன். மூன்றாவது கோடு இரண்டு சென்டிமீட்டர் ஏறியிருந்தது. அரசு முத்திரை வேறு இல்லை. இரண்டையும் அடிக்கோடிட்டு எழுதினேன். தங்கள் பணியாளர்கள் ஒலிபெருக்கியோடு கம்பத்தையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். நான் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். என் மனைவி, “அந்த மனுஷன் உங்களுக்கு என்னங்க கெடுதல் பண்ணினாரு? ஆறு எங்க இருக்குன்னு சொன்னது ஒரு குத்தமா?” என்று கேட்டார். நான் டேப்பைச் சுருட்டி அலமாரியில் வைத்தேன்.

4. பதினோரு நாட்கள் சுகமாகத் தூங்கினேன். பன்னிரண்டாம் நாள் விடியலில் முதுகு சில்லென்றது. தண்ணீர் கட்டில் வரை வந்திருந்தது. மணி ஐந்து பத்து. ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை, பெய்ததெல்லாம் மலையில்; இரவில் அணையைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். தங்கள் அலுவலகம் முந்தைய நாள் மாலையே முறைப்படி எச்சரிக்கை ஒட்டியதாக அறிகிறேன். ஒட்டிய பலகையே தண்ணீருக்குள் இருந்ததால் அதைப் படிக்க இயலவில்லை.

5. ஊழியர் அதற்கு முன்பே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, “எழுந்திருங்க, மேட்டுக்கு வாங்க!” என்று வீடு வீடாகக் கத்திக்கொண்டு வந்திருக்கிறார். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் சூளைத் தெருவில் எட்டு ஆடுகள், தையல்காரப் பெண்மணியின் மிஷின், பிள்ளைகளின் புத்தகங்கள் எல்லாம் போய்விட்டன. முந்தைய நாள் காலையில் கம்பம் இருந்திருந்தால் ஆறு ஏறுவது தெரிந்திருக்கும். இந்த நஷ்டத்துக்குக் காரணம் நான்தான். இது பதிவில் இருக்கட்டும்.

6. கடைசி வீடு என்னுடையது. அவர் என் மனைவியை முதுகில் சுமந்துகொண்டார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். என் மனு நகல்கள் அடங்கிய கோப்பு எனக்கு முன்னால் வாசலைத் தாண்டி மிதந்து போனது. அதையும் எட்டிப் பிடித்துத் தலைமேல் வைத்துக்கொண்டார். பின்னர் கூடத்துப் பெஞ்சுகளில் ஒவ்வொரு தாளாகப் பரப்பிக் காயவைத்தார். முப்பத்தேழாவது தாளை மட்டும் இரண்டு முறை படித்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

7. கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை போய்விட்டது. ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி என்னிடம் நீட்டினார்: “ஐயா, மூணாவது கோடு தப்புதான். பெயின்ட் அடிக்கும்போது கை வழுக்கிடுச்சு. மன்னிச்சிடுங்க.” என் முப்பத்தோரு வருட சர்வீஸில் அளவு தப்பு என்று ஒப்புக்கொண்ட முதல் மனிதர் இவர். அதைப் படித்து நான் அழுதேன். தாளின் அசல் என்னிடமே இருக்கும். நகல் இணைத்துள்ளேன்.

8. பொருட்களைக் கேட்டுத் தங்கள் அலுவலகம் வந்தேன். “புகார் குடுத்தவரு ஆட்சேபணை இல்லைன்னு எழுதித் தரணும் சார்” என்றார் உதவியாளர். எழுதித் தந்தேன். “புகார் குடுத்தவரு நீங்கதான்னு என்ன அத்தாட்சி?” என்றார். காய்ந்த மனு நகலை நீட்டினேன், அடையாள அட்டை கேட்டார்; அதை ஆறு கொண்டுபோய்விட்டது என்றேன். அப்படியானால் அதற்குத் தனி மனு தரச் சொன்னார். பறிமுதலான கம்பமோ அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு பீரோக்களுக்கு நடுவே கிடக்க, அதன் மேல் ஈரக் கோப்புகள் காய்ந்துகொண்டிருந்தன.

9. அணையை மறுபடியும் திறக்க இருப்பதாகச் செய்தி. எனவே நானே புதுக் கம்பம் செய்து நட்டிருக்கிறேன். முத்திரை இல்லைதான், அறிவேன். தினமும் ஐந்து மணிக்கு ஊழியர் கைகூப்பி மௌனமாக ஜெபம் முடித்துச் சைகை காட்டுவார். நான் மேட்டில் நின்று நிலவரத்தைக் கத்துவேன். பாட்டு எனக்கு வராது. என் தொண்டை சூளைத் தெருவரைதான் எட்டுகிறது. மற்ற மூன்று கிராமங்களில் இருப்பவர்கள் ஒன்றும் தெரியாமல் தூங்குகிறார்கள். நான் தூங்கியதைப் போலவே.

10. ஆகவே என் மனு எண் 37-ஐ ரத்து செய்து, இரண்டு கூம்புகளையும் ஆம்ப்ளிஃபயரையும், கோப்புகள் காய்ந்துவிட்டால் கம்பத்தையும், அணை திறக்கும் முன் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன். சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் வேண்டாம்.

11. கடைசியாக ஒன்று. விடியற்காலையில் நான் மில்லிமீட்டர் வரை வாசிப்பதாகவும், சந்தேகம் வந்தால் மறுபடி அளந்து மறுபடி வாசிப்பதாகவும், கூடத்தில் ஒருவராலும் தூங்க முடியவில்லை என்றும் என் மீது ஒரு புகார் தங்களுக்கு வந்திருக்கும். அறுபத்தொரு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். முதல் கையெழுத்து என் மனைவியுடையது. அந்தப் புகாரின் மீது, என் முதல் முப்பத்தாறு மனுக்களின் மீது தாங்கள் எடுத்த அதே நடவடிக்கையை எடுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: ஜெபக்கூடம்
நாள்: வெள்ளம் வடிந்த ஒன்பதாம் நாள், காலை 5.40
(தண்ணீர்: இரண்டாவது கோட்டுக்கு 4.3 சென்டிமீட்டர் கீழே)

இப்படிக்கு,
(ஒப்பம்)
மனு எண் 37-இன் மனுதாரர்